மூன்றில் இரண்டு பேர்

காலையில் காப்பி இறங்கின கையோடு டெல்மர் ஸ்காலின் மகனுக்குப் போன் போட்டுவிடுவார். ஏதோ சாப்பிட்டியா தூங்கினியா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தால் ஏமாந்துதான் போவோம்.

"அந்தச் சனியன் பிடிச்ச பீவர் மறுபடியும் வேலையைக் காட்டிடுச்சுடா. எங்கெல்சன் வயல் பக்கம் ரோட்டுக்கு அடியில போற குழாய் பூரா குச்சியை அடைச்சு வெச்சிருக்கு. இன்னும் ஒரு மழை பெஞ்சா ரோட்டு மேல தண்ணி ஏறிடும்."

"பார்த்தேம்ப்பா. நேத்து பாதியைப் பிடுங்கிப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

"பாதியை எதுக்குப் பிடுங்கறே? மீதியோட சேர்த்து அது புதுசா கட்டிடாது?"

"அப்ப நீங்க வந்து பிடுங்குங்க."

"பிடுங்கறேண்டா. எனக்கென்ன கை இல்லையா?"

பீவர் என்றால் மரத்தைக் கடித்துப் போட்டுத் தண்ணீருக்குக் குறுக்கே அணை கட்டுகிற பிராணி. இப்படியே அரைமணி ஓடும். ரோட்டுக்குக் கொட்ட வேண்டிய சரளை, ரோட்டோரம் மண்டிக் கிடக்கும் முள்ளுச்செடி, பனி தள்ள ஒப்பந்தம் எடுத்தவன் போன குளிர்காலத்தில் யார் யார் வீட்டுத் தபால் பெட்டியை இடித்துச் சாய்த்தான் என்கிற கதை. சண்டை மாதிரிதான் இருக்கும். ஆனால் போனை வைக்கும்போது டெல்மர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருக்கும். அன்றைக்குப் பூராவும் அது போதும் அவருக்கு.

மினசோட்டாவின் வடமேற்கு மூலையில் கிடக்கிற எங்கள் நோர்ட்லி டவுன்ஷிப்புக்கு மூன்று சூப்பர்வைசர்கள். டெல்மர் ஒருவர், மகன் கர்ட்டிஸ் ஒருவன், தலைவர் வெண்டல் ப்ரிபில் மூன்றாமவர். ஊர் என்று சொல்லிக்கொள்ளக் கடை கண்ணி ஒன்றும் கிடையாது. ஒரு கூட்டக் கொட்டகை, ஒரு கல்லறைத் தோட்டம், கண்ணுக்கெட்டின தூரம் சரளை ரோடு. அந்த ரோட்டைக் கட்டி மேய்ப்பதுதான் மூன்று பேருக்கும் வேலை. அதற்குக் கொடுக்கிற சம்பளத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அப்பனுக்கும் மகனுக்கும் வேறு பேச்சே கிடையாதா என்றால், கிடையாது. டெல்மரின் மனைவி இலேன் ஆஸ்பத்திரியில் கிடந்த குளிர்காலத்தில் அவர் பால்மாடு அத்தனையையும் விற்றுவிட்டார். கறவையெல்லாம் கர்ட்டிஸ்தான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடியற்காலைக் கறவைக்கு அவன் வந்து பார்த்தபோது மாடுகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. கத்தவில்லை, கேட்கவில்லை. காலியாய்க் கிடந்த தொழுவத்தைக் குழாய் பிடித்துச் சுத்தமாகக் கழுவிவிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு போனவன்தான். ஒரு மைல் தள்ளி ஒரு வாடகை வீடு, தானியக் கிடங்கில் ஒரு வேலை என்று ஒதுங்கிக்கொண்டான். அந்த வசந்தத்திலேயே இலேனும் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வார்த்தை, ஈஸ்டருக்கு ஒரு வார்த்தை. கடன்காரனிடம் பேசுகிற மாதிரி.

டெல்மருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் யாருக்குத்தான் தெரியும்? ஆனால் மனுஷன் ஒரு தந்திரம் பண்ணினார். டவுன்ஷிப்பை நடத்துகிற அந்த மூன்று பேர் போர்டில் ஓர் இடம் காலியாகி, தேர்தலில் நிற்க ஒரு ஆளும் முன்வராத சமயம், வீடு வீடாகப் போய், "ஓட்டுச் சீட்டுல வேற பேர் எழுதற இடத்துல எம்பையன் பேரை எழுதிடுங்கய்யா, அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். கர்ட்டிஸ் பதினோரு ஓட்டில் ஜெயித்தான். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அவனும்தான் நிற்கவில்லை! "எவன்டா இந்த வேலையைப் பண்ணினது?" என்று தானியக் கிடங்கில் கத்தினானாம். ஆனாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. கையில் வந்து விழுந்த வேலையைத் தட்டிவிடுகிற சுபாவம் இல்லை அவனுக்கு. மறுநாள் காலையிலேயே டெல்மர் முதல் போனைப் போட்டார். பீவரைப் பற்றித்தான்.

அந்த ஏப்ரலில்தான் பயிற்சி வந்தது. டவுன்ஷிப் அதிகாரிகளுக்கென்று வருஷா வருஷம் ஒருநாள் வகுப்பு, இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் வருகிற பட்டணத்தில், ஒரு ஓட்டல் மண்டபத்தில் நடக்கும். கிளார்க் மார்லிஸ் விடாப்பிடியாக நின்றாள்.

"புதுசா வந்தவன் கட்டாயம் போகணும். பழசும் போகணும். டெல்மர், நீங்க கடைசியா வகுப்புக்குப் போனப்ப ரீகன் ஜனாதிபதியா இருந்தாரு."

"வெண்டல், நீங்க வரலையா?"

"எனக்கு அந்த நாற்காலியில உட்கார்ந்தா இடுப்பு போயிடும்" என்றார் வெண்டல். "அவங்க சொல்லித் தர்றதெல்லாம் எனக்குத் தெரியும். ரோடுன்னா ரோடு. இதுல படிக்கறதுக்கு என்ன கிடக்கு?"

டெல்மருக்கு உள்ளுக்குள்ளே ஒரே குஷி. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், வண்டிக்குள்ளே மகனோடு தனியாக! முதல்நாளே பிக்கப் வண்டியைக் கழுவினார். இருக்கையில் கிடந்த கயிறு, கையுறை, விதைப் பை எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு இடம் பண்ணினார். கர்ட்டிஸ்தான் ஓட்டினான். போகிற வழியெல்லாம் மற்ற டவுன்ஷிப் ரோடுகளைப் பார்த்துப் பார்த்து இரண்டு பேரும் திட்டிக்கொண்டே போனார்கள்.

"இங்க பாருங்கப்பா, நடு முதுகே இல்ல ரோட்டுக்கு. தண்ணி எங்கிட்டு ஓடும்?"

"சரளையைச் சீவிச் சமன் பண்ற கிரேடர் ஓட்டறவன் தூங்கிக்கிட்டே ஓட்டியிருப்பான்."

"நம்ம ஆளு மட்டும் முழிச்சிக்கிட்டா ஓட்டறான்?"

டெல்மர் வாய்விட்டுச் சிரித்தார். கர்ட்டிஸும் சிரித்தான். அந்தச் சிரிப்பு இலேனுடைய சிரிப்பு, அப்படியே. டெல்மருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. விதைக் கம்பெனித் தொப்பியும் தோளில் மாட்டின சஸ்பெண்டர் பட்டையுமாக எல்லாம் எங்கள் மாதிரி ஆட்கள்தான். வாசலில் பேர் எழுதிச் சட்டையில் ஒட்டினார்கள், ஆளுக்கொரு தடிப் புத்தகம் கொடுத்தார்கள், சர்க்கரை தூவின டோநட் வைத்திருந்தார்கள். காலையில் வேலித் தகராறு தீர்ப்பது எப்படி என்று ஒருவர் பேசினார். அப்புறம் சரளையைப் பற்றி ஒரு பொறியாளர். கர்ட்டிஸ் விழுந்து விழுந்து எழுதிக்கொண்டான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். புது மெஷின் வந்தால் டெல்மர் சுவிட்சைத் தேடுவார், இவன் கூட வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பான். எழுத்தில் இருந்தால் இருக்கிறதுதான் அவனுக்கு, அதற்கு மேல் பேச்சில்லை.

மத்தியானம் பன்றித் தொடைக் கறியும் வேகாத உருளைக்கிழங்கும் போட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தலை தொங்க ஆரம்பித்த நேரத்தில் ராடமேக்கர் என்கிற வக்கீலம்மா மேடைக்கு வந்தாள். ஆள் குள்ளம். குரல் மண்டபத்தின் கடைசிச் சுவரில் போய் மோதியது.

"மூணு பேர் போர்டுல இருக்கறவங்க கை தூக்குங்க. ஆ, நிறையப் பேர். கேட்டுக்கங்க. மூணுல ரெண்டு பேர் சேர்ந்தா கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை. கோரம் சேர்ந்து டவுன்ஷிப் விஷயம் பேசினா அது கூட்டம். கூட்டம்னா முன்கூட்டியே அறிவிக்கணும், கதவு திறந்திருக்கணும், ஜனங்க வந்து உட்காரலாம். இல்லேன்னா சட்ட மீறல்."

தொங்கின தலையெல்லாம் நிமிர்ந்தது.

"கார்ல போறப்ப பேசினா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஊருக்கெல்லாம் அறிவிச்சுட்டு, கார்க் கதவைத் திறந்து போட்டுக்கிட்டுப் போறதா இருந்தாப் பேசுங்க."

ஒரே சிரிப்பு.

"போன்ல?"

"போன்ல கூடாது, மெசேஜ்ல கூடாது."

"ஏரி உறைஞ்சப்புறம் அது மேல மீன் பிடிக்கக் குடிசை போடுவோமே, அதுக்குள்ள?"

"மீனைப் பத்திப் பேசுங்க."

"அப்ப நாங்க இத்தனை வருஷமா பண்ணினதெல்லாம்?" என்றார் ஒரு கிழவர்.

"நீங்க அதைச் சொல்லல, நான் அதைக் கேக்கல."

மண்டபமே அதிர்ந்தது. டெல்மரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சிரித்துக்கொண்டேதான் கையைத் தூக்கினார்.

"அப்பனும் மகனுமா இருந்தா?"

வக்கீலம்மா அவரைப் பார்த்துச் சிநேகமாகத்தான் சொன்னாள். "சட்டத்துக்கு அப்பாவும் தெரியாது, மகனும் தெரியாது. ரெண்டு சூப்பர்வைசர், அவ்வளவுதான். அபராதம் உண்டு, மூணு தடவை மாட்டினா பதவியே போயிடும். ஆனா இதுல என்ன கஷ்டம்? ரோட்டை விட்டுட்டு மத்ததைப் பேசுங்களேன். குடும்பம் இருக்கு, மாடு கன்னு இருக்கு, மனசுல இருக்கறதைப் பேசுங்க. யார் வேண்டாம்னா?"

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். டெல்மருக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். கர்ட்டிஸ் புத்தகத்தில் அந்தப் பத்திக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தான், நேர்கோடாக, நிதானமாக. அந்தம்மா அதற்கப்புறம் விதிவிலக்கு, அவசரக் கூட்டம், தற்செயலாகச் சந்தித்தால் என்ன என்றெல்லாம் சொன்னாள். டெல்மர் காதில் ஒன்றும் ஏறவில்லை.

திரும்பி வருகிற வழியில் மழை பிடித்தது.

"நல்லாத்தான் ஊத்துது" என்றார் டெல்மர். "இந்தக் கணக்குல எங்கெல்சன் பக்கம்..."

"அப்பா."

"மழையைத்தானடா சொன்னேன்!"

"மழை பெஞ்சா ரோடு. ரோடுன்னா டவுன்ஷிப்."

வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தது. டெல்மர் மண்டையைப் போட்டுக் குடைந்தார். மனசில் இருக்கிறதைப் பேசுங்கள் என்றாளே அந்தப் புண்ணியவதி! எங்கேயிருந்து ஆரம்பிப்பது? மாட்டைப் பற்றிப் பேசலாமாம். இந்தப் பையனிடம் மாட்டைப் பற்றிப் பேச அவருக்கு என்ன முகம் இருக்கிறது?

"அந்த உருளைக்கிழங்கு வேகவே இல்ல" என்றார் கடைசியில்.

"ஆமா" என்றான் கர்ட்டிஸ்.

வீடு வரும்வரைக்கும் அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலை பழக்க தோஷத்தில் போனைப் போட்டார். பீவர் என்று வாயெடுக்கும் முன்பே, "போர்டு விஷயம்னா கூட்டத்துல பேசுவோம்ப்பா" என்றான் கர்ட்டிஸ். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

"சரி. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"ம். சரி."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். காப்பி ஆறிப்போனது. அறுபதைத் தாண்டின மனுஷன், சமையலறை நடுவில் திருதிருவென்று நின்றார் என்றால் கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்கு வேடிக்கையாக இல்லை.

மே மாசக் கடைசியில், கல்லறைக்குப் பூ வைக்கிற நாள் வந்தது. இதற்குச் சட்டம் ஒன்றும் சொல்ல முடியாது என்று தைரியமாகப் போன் போட்டார்.

"அம்மாவுக்குப் பூ வாங்கிட்டேண்டா. சேர்ந்து போயி வெச்சுட்டு வருவமா?"

"போலாம்ப்பா."

அப்படியே நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! "அங்க புல்லு இடுப்பளவு நிக்குது, வெட்டற பயலை என்னன்னு கேக்கணும்" என்று சொல்லித் தொலைத்தார். கல்லறைத் தோட்டம் டவுன்ஷிப்புடையது. புல் வெட்டுகிறவனை வைத்ததும் போர்டுதான். டெல்மருக்கே உறைத்துவிட்டது.

"சரி சரி, அதைச் சொல்லலை, விடு" என்றார்.

இரண்டு பேரும் போனார்கள். இடுப்பளவு புல்லில் நின்று பூவை வைத்தார்கள். புல்லைப் பற்றிப் பேசவில்லை. புல்லைப் பற்றிப் பேசாததால் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

மாசாந்திரக் கூட்டம் ஒன்றுதான் மிச்சம். அங்கே பேசலாம், சட்டமே பேசச் சொல்கிறது. அந்த வாரமே நடந்த மே மாசக் கூட்டத்துக்கு டெல்மர் ஒரு சுமை விஷயம் கொண்டுபோனார். இந்தக் குழாய், அந்தக் குழாய், வளைவில் வைக்க வேண்டிய பலகை. ஒவ்வொன்றுக்கும், "இதுல சூப்பர்வைசர் கர்ட்டிஸ் என்ன நினைக்கிறார்?" என்று கேட்டார். கர்ட்டிஸ் தலைவரைப் பார்த்து, "சூப்பர்வைசர் டெல்மர் சொல்றது எனக்குச் சம்மதம்" என்பான். அப்பா என்கிற வார்த்தை அந்தக் கொட்டகைக்குள் வரவே இல்லை. வெண்டலுக்குப் பொறுமை போயிற்று.

"என்னய்யா இது, ஒரு பலகைக்கு இவ்வளவு நேரமா? வீட்டுல என் சாப்பாடு காயுது. அப்பனும் மகனும் வெளிய வெச்சுப் பேசி முடிச்சுட்டு வரக் கூடாதா?"

"அதான் கூடாதாம்" என்றார் டெல்மர்.

"எவன் சொன்னான்?"

"வகுப்புல சொன்னாங்க. உங்களுக்குத்தான் இடுப்பு வலியாச்சே."

மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். கர்ட்டிஸ் சிரிக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் டெல்மர் மார்லிஸ் வீட்டுக்கே போய் அடுப்படியில் உட்கார்ந்தார். அவள் காப்பியை ஊற்றிவிட்டு என்ன என்று கேட்டாள்.

"போர்டுல இல்லாத ஒருத்தன், ஒரே ஒரு சூப்பர்வைசர்கிட்ட ரோட்டைப் பத்திப் பேசலாமா?"

"தாராளமாப் பேசலாம். வீட்டு வாசல்ல நின்னு கத்தலாம். எல்லாரும் எங்கிட்ட அதைத்தான பண்றாங்க."

"தினமும்?"

"தினமும்." அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "ஏன் டெல்மர்? என்ன பண்ணப் போறீங்க?"

"ஜூன் கூட்டத்துல சொல்றேன்."

விலகிவிடுவது என்று தீர்மானம் பண்ணிவிட்டார். லேசுப்பட்ட தீர்மானம் இல்லை அது. அந்தப் பதவியை அவர் எத்தனை ஆசையாக வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். ரோட்டில் போகிறவன் வண்டியை நிறுத்தி, "டெல்மர், எங்க பக்கம் எப்ப கிரேடர் வரும்?" என்று கேட்டால் மனுஷனுக்கு நெஞ்சு ஒரு பிடி உயரும். போகட்டும். பதவியா பெரிசு? வெறும் டெல்மர் ஸ்காலினாக, வரி கட்டுகிற ஒரு சாதாரண ஆளாக, காலையில் காப்பி குடித்துவிட்டு சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, "ஏண்டா, என் ரோட்டை எப்பச் சரி பண்ணப் போறீங்க?" என்று கேட்கலாம். எந்த வக்கீலும் ஒன்றும் சொல்ல முடியாது! இது ஏன் முன்பே தோன்றவில்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

ஜூன் கூட்டத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சாயங்கால வெயில் ஜன்னலில் நின்றது. கொசு மொய்த்தது. மார்லிஸ் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்டுச் செய்த இனிப்புத் துண்டுகளை மேஜையில் வைத்திருந்தாள். ஜனங்களுக்கென்று போட்ட மடக்கு நாற்காலிகள் வழக்கம்போலக் காலி. எல்லாரும் எழுந்து கொடியைப் பார்த்து உறுதிமொழி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். களையைப் பற்றிப் பேசினார்கள், புழுதி அடங்கத் தெளிக்கிற மருந்தைப் பற்றிப் பேசினார்கள், சரளைக்கு வந்த விலைப்புள்ளிகளைப் பிரித்துப் படித்தார்கள். டெல்மர் ஒன்றையும் இழுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றார். வெண்டலுக்கே ஆச்சரியம்.

"வேற ஏதாவது இருக்கா?" என்றார் வெண்டல்.

டெல்மர் தொண்டையைச் செருமினார். மார்லிஸ் பேனாவோடு நிமிர்ந்தாள்.

"எனக்கு ஒண்ணு இருக்கு" என்றான் கர்ட்டிஸ்.

டெல்மர் வாயை மூடிக்கொண்டார். பையன் முதலில் சொல்லட்டும், நமக்கென்ன அவசரம் என்று நினைத்தார்.

கர்ட்டிஸ் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தெற்கு டகோட்டாவுல ஒரு பெரிய மாட்டுப் பண்ணையில எனக்கு வேலை கிடைச்சிருக்கு. கறவை முழுக்க என் பொறுப்பு. இந்த மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்றேன். டவுன்ஷிப்பை விட்டுக் குடிபோனா பதவியில இருக்க முடியாது. அதனால இன்னியோட விலகிக்கறேன்."

"அடப்பாவி" என்றார் வெண்டல். "நல்ல வேலைதான? நல்லாயிரு." சொல்லிவிட்டு டெல்மரைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார்.

"எப்ப முடிவு பண்ணினே?" என்று கேட்டார் டெல்மர்.

"போன கூட்டத்துக்கு அப்புறம்."

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலியா?"

மார்லிஸின் பேனா நின்றுவிட்டது. இதை எழுதுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கர்ட்டிஸ் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "சொல்லத்தாம்ப்பா போனைக் கையில எடுத்தேன். ரெண்டு மூணு தடவை எடுத்தேன். நான் போனா இடம் காலியாகும். காலி இடத்தை யாரைப் போட்டு நிரப்பறதுன்னு போர்டு முடிவு பண்ணணும். நீங்களும் போர்டு, நானும் போர்டு. எப்படிச் சொல்றது?"

உண்மையாகத்தான் சொன்னானா, இல்லை சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டானா? எனக்கென்னவோ அவனுக்கே தெரிந்திருக்காது என்றுதான் படுகிறது. டெல்மருக்கும் விளங்கவில்லை. பெற்ற அப்பனிடம் ஊரை விட்டுப் போகிறேன் என்று சொல்வதற்கு எந்தச் சட்டமடா குறுக்கே நிற்கும் என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பாசமோ கோபமோ எதுவானாலும் ரோட்டு வழியாகவே பேசிப் பழகின ஆள், ரோடு இல்லாத இடத்தில் எப்படிக் கத்துவார்?

"தீர்மானம் ஒண்ணு போடணும்" என்றாள் மார்லிஸ் மெதுவாக. "விலகினதை ஏத்துக்கிட்டு, இடம் காலின்னு அறிவிக்கணும்."

"நான் முன்மொழியறேன்" என்றார் வெண்டல். "வழிமொழியறது யாரு?"

வெண்டல் மேஜையைச் சுற்றிப் பார்த்தார்.

"கர்ட்டிஸ், நீ?"

"என் விஷயத்துல நானே எப்படி?" என்றான் கர்ட்டிஸ்.

மூன்றில் இரண்டு பேர் போனால் மிச்சம் ஒருவர். மூன்று தலையும் அவர் பக்கம் திரும்பின. டெல்மர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். அங்கே ஒருத்தராவது உட்கார்ந்திருந்தால், எழுந்து ஏதாவது ஒரு கேள்வி கேட்டால், கொஞ்சம் நேரம் கிடைக்குமே என்று இருந்தது.

"நான் வழிமொழியலேன்னா?"

"தீர்மானம் அப்படியே நின்னுடும். அடுத்த மாசம் மறுபடி எடுக்கணும்" என்றாள் மார்லிஸ். "ஆனா அவன் போறது நிக்காது டெல்மர்."

டெல்மர் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தார். மாடு கறந்த கை, வயசாகிக் கோணிப்போன விரல்கள். மகன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வழிமொழியறேன்" என்றார்.

"ஆதரிக்கறவங்க ஆமான்னு சொல்லுங்க. ஆமா" என்றார் வெண்டல்.

"ஆமா" என்றார் டெல்மர்.

மார்லிஸ் எழுதிக்கொண்டாள். வெண்டல் ஒரு இனிப்புத் துண்டை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "இனிமே நீயும் நானும்தான் டெல்மர். புது ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ ஒருநாள் வரலேன்னாலும் கூட்டம் கிடையாது. நீயும் எங்கியாவது ஓடிடாதே, சாமி. டவுன்ஷிப்பை இழுத்து மூட வேண்டியதுதான் அப்புறம்."

"டெல்மர்" என்றாள் மார்லிஸ். "நீங்களும் இன்னிக்கு ஏதோ சொல்லணும்னு சொன்னீங்களே?"

"ஒண்ணுமில்ல."

"ஏதோ..."

"ஒண்ணுமில்லேன்னு எழுதிக்க."

கூட்டம் முடிந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கர்ட்டிஸ் தன் வண்டிக் கதவைத் திறந்தவன் ஏறாமல் நின்றான். டெல்மர் வருகிறவரைக்கும் காத்திருந்தான்.

"அப்பா. இப்ப நான் போர்டுல இல்ல. நாம என்ன வேணாப் பேசலாம்."

அந்தப் பையன் அதை வழி விட்டுத்தான் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்தால் தெரியும். இரண்டு மாசமாக எந்த வார்த்தைக்காக டெல்மர் தவித்தாரோ, அந்த வார்த்தைக்கு இப்போது ஒரு தடையும் இல்லை, அறிவிப்புத் தேவையில்லை, கதவு திறந்திருக்க வேண்டியதில்லை. டெல்மர் வாயைத் திறந்தார். மாட்டை விற்றது தப்புடா என்று வந்தது. தொண்டை வரைக்கும் வந்தது.

"சாமான் ஏத்த என் வண்டி வேணுமா?" என்றார்.

கர்ட்டிஸ் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். வேறு ஏதாவது வருமா என்று பார்த்தான்.

"வேண்டாம்ப்பா. அவங்களே லாரி அனுப்பறாங்க."

"சரி."

"வரட்டுமா?"

"ம்."

அவன் வண்டி கிளம்பிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. டெல்மர் புதுச் சட்டையோடு அங்கேயே நின்றார். நாலு பேர் முன்னால் அவன் போவதற்குச் சம்மதம் என்று சொல்ல வந்தது அவருக்கு. போகாதேடா என்று சொல்லத்தான் வரவில்லை.